சித்திக்கு முடி கொட்டிய வருஷம்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை வந்தால் தலைகளுக்குப் போதாத காலம். மறுநாள் காலைப் பூசைக்கு எல்லோரும் அலசிய தலையோடுதான் மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். மைசூரில் அப்போதெல்லாம் குளிக்கிற அறையிலேயே ஒரு மூலையில் அடுப்புக் கட்டி, அதன்மேல் பெரிய செப்பு அண்டா ஒன்றைப் பதித்திருப்பார்கள். அதற்கு ஹண்டே என்று பெயர். சனிக்கிழமை விடிந்ததுமே எங்கள் ஹண்டேக்கு அடியில் விறகு புகைய ஆரம்பித்துவிடும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொள்வேன்.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். கரும்பலகையைத் துடைக்கிற அதே வேகத்தில் என் தலையையும் தேய்ப்பாள். சீயக்காய்த்தூளைச் சலிக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. திப்பியோடு தலையில் அப்பி, பத்து நகத்தாலும் பிறாண்டி, கை பொறுக்காத வெந்நீரை மேலே ஊற்றுவாள். கண் எரிகிறது என்று கத்தினால், "எரியட்டும், அப்பத்தான் அழுக்குப் போகும்" என்பாள். பிறகு ஈரத்தலையைக் குனியவைத்துத் துண்டால் பட்பட்டென்று அடிப்பாள். மண்டைத்தோல் சிவந்து காந்தினால்தான் அவளுக்குத் திருப்தி. வலித்தால்தான் சுத்தம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சட்டத்தை மாற்றியது சித்திக்கு வந்த காய்ச்சல்தான்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்களோடுதான் இருந்தாள். ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தாள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷ மழைக்காலத்தில் சித்திக்கு டைபாய்டு வந்து, தான் வேலை பார்த்த வார்டிலேயே ஒரு மாதத்துக்கு மேல் படுத்துக்கிடந்தாள். எப்படியோ பிழைத்துக்கொண்டாள். தசராவுக்குள் கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வந்துவிட்டது. தசரா விளக்குகளை அவிழ்த்த கையோடு அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது.

ஒன்று இரண்டு என்றால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். தலையணையில் முடி, சீப்பில் முடி, ரசத்தில்கூட ஒரு நாள் முடி. இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் எலிவாலாகிக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை அம்மா வழக்கம்போல் தேய்க்கப்போக, கையோடு ஒரு கொத்து வந்துவிட்டது. அம்மா பாம்பைத் தொட்டதுபோல் கையை உதறினாள். சித்தி அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அழுதாள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த வயதில் நான் முக்கால்வாசி விஷயங்களைக் கதவிடுக்கு வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் அதிகம் பேசவில்லையாம். பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான் கொட்டும், சில மாதத்தில் தானே நின்றுபோகும், அதுவரை தலையைப் போட்டுப் படுத்தாதீர்கள் என்றாராம். சித்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இனிமே என் தலைய நானே பாத்துக்கறேன். பாப்பா தலையும் என் பொறுப்பு" என்றாள்.

எனக்கு அன்றைக்கே சொர்க்கம் கிடைத்துவிட்டது. சித்தி சீயக்காயை வெந்நீரில் ஊறவைத்து, பழைய மல்துணியில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை மட்டும் எடுப்பாள். ஊற்றுமுன் தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். நகம் படாது. விரல் நுனியின் சதையால் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டே காதுக்குப் பின்னாலிருந்து உச்சிக்குப் போவாள். "ஸ்வல்ப தல குனி கண்ணு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்வாள். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு அப்படித்தான். மூன்று தடவை அலசுவாள். துண்டால் அடிக்காமல், சுற்றி அமுக்கி ஈரத்தை ஒற்றி எடுப்பாள். முடி காயும்வரை சீப்பைத் தொட விடமாட்டாள். சிக்கு எடுக்கும்போதும் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வருவாள். கண் எரியவில்லை, தோல் காந்தவில்லை, ஆனாலும் தலை சுத்தமாகத்தான் இருந்தது. இது எப்படிச் சாத்தியம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அப்பா சர்வே ஆபீஸில் வரைபடம் வரைகிறவர். அவருக்குத் தலையில் முடி குறைவு, முடியைப் பற்றிய அபிப்பிராயம் அதிகம். சிவப்பு சோப்புப் போட்டுத் தேய்த்தால் கிருமி செத்துவிடும் என்றார். "உங்களுக்கு அப்படித்தான் செத்துதா?" என்று அம்மா கேட்டதும் பேப்பரை உயர்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் மதில்மேல் ஒரு கூடை செம்பருத்தி இலையை வைத்துவிட்டு, "சோப்பு கீப்பு பேடா. தாசவாளத எலெ ஹாக்கி. ஜோராகி உஜ்பேடி" என்று சொல்லிவிட்டுப் போனார். சோப்பு வேண்டாம், இந்த இலையைப் போடுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள் என்று அர்த்தம். அந்த இலையைக் கசக்கித் தண்ணீரில் விட்டால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று ஆகும். சித்திக்கு அது பிடித்துப்போயிற்று. சீயக்காய்த் தண்ணீரோடு அதையும் சேர்த்துக்கொண்டாள்.

இத்தனை பேர் இத்தனை சொன்னால் எதுதான் நிஜம்? அதைக் கண்டுபிடிக்கிற பொறுப்பு என்மேல் விழுந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன். அப்பா வரைபடத்தில் சின்ன எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி கைக்கு வந்தது. பழைய நோட்டுப் புத்தகத்துக்கு "தலைமுடி ஆராய்ச்சி" என்று பெயர் எழுதி, நாலு கோடு போட்டேன். தேதி, எவ்வளவு, எப்படி இருக்கிறது, காரணம். சனிக்கிழமைதோறும் சித்தி குளித்து முடித்ததும் சாக்கடைக் கம்பியிலும் துண்டிலும் இருக்கும் முடியையெல்லாம் நான் பொறுக்குவேன். அதில் இரண்டு மூன்றை எடுத்து, சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பசையாக்கி நோட்டில் ஒட்டுவேன். கூடவே மூன்று டம்ளரில் சீயக்காய், சோப்பு, செம்பருத்தி என்று தனித்தனியாக முடியை ஊறவைத்துப் பார்த்தேன். சோப்பில் போட்டது கிறீச்சென்று சிக்குப்பிடித்தது. இலையில் போட்டது வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பா அவசரத்தில் அந்த சோப்பு டம்ளரில் காபியை ஊற்றிக் குடித்துவிட்டார் என்பது ஆராய்ச்சியில் சேராத விஷயம்.

"கொட்டற முடியோட அடியில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு பாரு" என்று சித்திதான் ஒரு நாள் காட்டினாள். "அது இருந்தா தானா விழுந்துதுன்னு அர்த்தம். அந்த எடத்துல வேற முளைக்கும்."

"எப்ப முளைக்கும்?"

"அவசரப்பட்டா முளைக்காது" என்று சிரித்தாள்.

அவசரம் இருந்தது. அது சித்திக்கு இல்லை, அம்மாவுக்கு. தங்கவயலில் சுரங்கத்தில் ஓவர்சியராக இருந்த ஒருவருக்கு சித்தியைக் கேட்டிருந்தார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்னால் எடுத்த போட்டோ அவர்களிடம் போயிருந்தது. அந்தப் போட்டோவில் சித்தி பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு நிற்பாள். மாப்பிள்ளையின் தாயார் சீக்காளி, கண்ணை மூடுமுன் மருமகளைப் பார்க்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். இந்த நிலைமையில் பெண் பார்க்க வரச்சொன்னால் போட்டோவுக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்று போய்விடுவார்கள் என்பது அம்மாவின் பயம். முடி கொட்டுவது நின்றதும் கடிதம் போடுகிறோம் என்று அப்பாவை எழுதச் சொன்னாள்.

அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பொறுக்கிய முடியை ஒரு காகிதத்தில் வைத்து அம்மாவிடம் காட்ட வேண்டும். அம்மா பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகத்தோடு அதைப் பார்ப்பாள். "இன்னும் நிக்கல" என்பாள். பிறகு அதைச் சுருட்டி ஒரு பிஸ்கோத்து டின்னில் போடுவாள். அந்த டின்னில் அம்மாவுக்குப் பல வருஷமாக உதிர்ந்த முடியும் பாச்சை உருண்டையோடு சேர்ந்து கிடந்தது. சேர்த்துவைத்துச் சவுரி கட்டுவது அக்காலப் பெண்களின் வழக்கம். சித்தியின் கல்யாணத்துக்குச் சவுரி வேண்டியிருக்கும் என்று அம்மா அதைப் பொன்போலக் காத்து வந்தாள்.

பொழுதும் இல்லை. எங்கள் சபையில் விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம் ஆரம்பம். அப்புறம் பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளுக்குக் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதில் யாருக்காவது விக்கினம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பூசை நடுவில் வாசிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். பாஸ்கா வரைக்கும் காத்திருக்க முடியாது, வேறு இடம் பார்ப்போம் என்று தங்கவயலிலிருந்து எழுதிவிட்டார்கள். அம்மா காலண்டரையும் காகிதத்திலிருந்த முடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாகறப்போ அம்மா இவ கையப் பிடிச்சு என் கையிலதான் குடுத்தாங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

சித்தி மட்டும் பதறவில்லை. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுமுன், "தபால் ஏதாவது வந்துதா பாப்பா?" என்று கேட்பாள். இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவாள். தங்கவயல் கடிதத்தைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்து, எனக்கு அவள்மேல் ஒரே இரக்கமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் போய், பொங்கல் கழிந்தது. ஒரு சனிக்கிழமை நான் வழக்கம்போல் சாக்கடைக் கம்பிக்குக் குனிந்தபோது சித்தி என்னைத் தடுத்தாள். "சளி பிடிச்சிருக்கு உனக்கு, ஈரத்துல நிக்காத. இனிமே நானே பொறுக்கித் தரேன்" என்றாள். சரி என்று வந்துவிட்டேன். சற்று நேரத்தில் அவள் கொண்டுவந்த சுருள் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா அதை டின்னில் போடக்கூட மனமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை இன்னும் பெரிது.

எனக்கு எங்கோ இடித்தது. சித்தி தலை வாரிக்கொள்ளும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். சீப்பில் ஒன்றும் வருவதில்லை. தலையணையும் சுத்தமாக இருந்தது. அவள் நெற்றி ஓரத்தில் விரல்கணுவளவு குட்டை முடிகள் நாற்று மாதிரி நின்றுகொண்டிருந்தன. வெயில் படும்போது நன்றாகவே தெரிந்தன. தலையில் முளைக்கிறது, காகிதத்தில் கொட்டுகிறது. இரண்டும் எப்படிச் சேரும்?

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நோட்டோடு உட்கார்ந்தேன். நவம்பரில் ஒட்டியவை எல்லாம் நேராக, கறுப்பாக இருந்தன. சித்திக்கு அப்படித்தான் முடி. புதிதாக வந்த சுருளில் பாதிக்கு மேல் நெளிநெளியாக, செம்பட்டை பாய்ந்து, தூசி படிந்து இருந்தது. ஒன்று வெள்ளை முடி. இருபத்துமூன்று வயது சித்திக்கு வெள்ளை முடி எங்கிருந்து வந்தது? சுருளை மூக்கருகே கொண்டுபோனேன். சீயக்காய் வாசனையும் இல்லை, செம்பருத்தியும் இல்லை. பாச்சை உருண்டை வாசனை வந்தது.

நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்த பிஸ்கோத்து டின்னைத் திறந்தேன். பிதுங்கி நின்ற டின் பாதியாகக் குறைந்து கிடந்தது.

அந்த நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டில் தேதி போட்டு, எவ்வளவு என்று எழுதி, எப்படி இருக்கிறது என்பதையும் விவரமாக எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, "தெரியவில்லை. கேட்க வேண்டும்" என்று எழுதினேன்.

கேட்பதற்குப் பொறுமை இருந்தால்தானே! அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா சோற்றைப் பிசைந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"இனிமே நடக்காதுங்க. வேற எடம் பாத்துக்கச் சொல்லி எழுதிடுங்க. இவ தலையில எழுதினது அவ்ளோதான்."

அப்பா தலையை ஆட்டினார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எச்சில் கையோடு ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன்.

"அம்மா, அழாத! சித்திக்கு முடி கொட்டறது எப்பவோ நின்னுபோச்சு. இதெல்லாம் உன் சவுரி முடி. டின்ல இருந்து எடுத்துக் கலந்திருக்காங்க. வெள்ள முடிகூட இருக்கு பாரு."

சித்தி என்னைப் பார்த்தாள். தலையை மிக மெதுவாக, வேண்டாம் என்பதுபோல் ஒரு தடவை அசைத்தாள். தன் புகழைத் தானே கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் உரக்க விளக்கினேன். நெளி முடி, நேர் முடி, பாச்சை உருண்டை, நெற்றியோர நாற்று, ஒன்றையும் விடவில்லை. அம்மா எழுந்துபோய் டின்னை இறக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து சித்தியின் தலையை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தாள். எங்கே தொட்டாலும் புது முடி.

"ஏண்டி?" என்றாள் அம்மா.

சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமா இருந்துதுக்கா" என்றாள் கடைசியில். "வந்து பாத்துட்டு, முடி இல்லன்னு வேணாம்னுட்டா அவமானமில்லையா? அதான் இன்னும் நல்லா வளரட்டும்னு..."

"பைத்தியம், பைத்தியம்" என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "சர்வே ஆபீஸுக்கு வா, வேலை போட்டுத் தரேன்" என்றார். அன்று சாயங்காலமே தங்கவயலுக்குக் கடிதம் போயிற்று.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். டின்னில் மிச்சமிருந்ததையும் சித்தி எடுத்த சுருள்களையும் சேர்த்துக் கட்டிய சவுரி சித்தியின் பின்னலுக்குள் ஏறியது. நாள் தள்ளிப்போட எடுத்த முடி, நாள் குறிக்கத் துணையாக வந்து தொங்கியது. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். அதிகம் பேசவில்லை, மைசூர்பாகு இரண்டாவது தடவை வைத்தபோது போதும் என்று கையால் மறைத்தார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை கல்யாணம் என்று குறித்தார்கள். மூன்று ஓலை வாசிக்கக் கச்சிதமாக மூன்று ஞாயிறு இருந்தது.

சித்தி என்னைக் கோபிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் மணிக்கட்டில் தண்ணீரை விட்டுப் பார்த்து, அதே மெதுவான விரலால் என் தலையைத் தேய்த்தாள்.

"கோபமா சித்தி?"

"எதுக்கு?"

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே."

விரல்கள் கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்தன. "நல்லாதான் பாத்திருக்க. எங்க ஆஸ்பத்திரில யாரும் இவ்ளோ உத்துப் பாக்க மாட்டாங்க" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. காரணத்தைக் கேட்க வேண்டும் என்பது அந்தப் பெருமையில் மறந்தே போயிற்று.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முதல்நாள், சனிக்கிழமை, தபால்காரர் வந்தார். நீளமான காக்கி உறை, சித்தியின் பெயர் டைப் அடித்திருந்தது. மதராஸ் முத்திரை. சித்தி அப்போது குளியலறையில் எனக்காக ஹண்டே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "சித்தி, தபால்!" என்று கத்திக்கொண்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"தங்கவயலா?"

"இல்ல. ஆஸ்பத்திரி விஷயம்" என்று சொல்லி, நாலாக மடித்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் விறகோடு விறகாக அடுப்புக்குள் செருகிவிட்டு, "வா, தண்ணி சரியான சூட்ல இருக்கு" என்றாள். அன்றைக்கு என் தலையை ரொம்ப நேரம் அலசினாள். மூன்று தடவைக்குப் பதில் ஐந்தாறு தடவை இருக்கும். எனக்குச் சுகமாக இருந்தது.

அது என்ன கடிதம் என்பது எட்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் காலேஜுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். சித்திக்கு மதராஸில் இரண்டு வருஷ மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததாம். படித்துவிட்டு வந்தால் மற்ற நர்ஸுகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற வேலையாம். கல்யாணமாகாதவர்களுக்கு மட்டும்தான் அந்த இடமாம். முதல் குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் சித்தியே சிரித்துக்கொண்டு சொன்னாளாம். "நல்லவேளை, லேட்டா வந்துது. முன்னாடியே வந்திருந்தா உன் சித்தி கல்யாணமே வேணாம்னு நின்னிருப்பா" என்றாள் அம்மா. அவள் மனதில் களங்கம் எதுவும் இல்லை. தங்கையைக் கரையேற்றிய நிம்மதியில்தான் சொன்னாள். என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தபால் வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட சித்திக்கு இன்னும் சில வாரம்தான் வேண்டியிருந்தது. அவளிடம் இருந்ததோ ஒரு டின் முடி. அதையும் நான் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் தெரியாமல்தான் மூன்றாவது ஓலைக்கு நான் கோயிலில் சித்தி பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை அமளிக்கும் காரணமான முடியை அவள் முக்காட்டுக்குள் மூடியிருந்தாள். சாமியார் முதலில் தமிழிலும் பிறகு கன்னடத்திலும் வாசித்தார். இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி சற்றே நிறுத்தினார்.

அந்த இடைவெளி எனக்கு எப்போதுமே பிடிக்கும். யாராவது எழுந்து நின்றால் என்ன ஆகும்? சாமியார் என்ன செய்வார்? பூசை நின்றுவிடுமா? முன்வரிசையில் பார்த்தேன். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். கழுத்தை வளைத்துக் கதவு வரைக்கும் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

என் பக்கத்தில் மட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.